புறமுக மாணவரும் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களும்: ஒரு நூற்றாண்டு விவாதத்தின் நிலை

கூடிப் பேசுவதிலும் குழுவில் முன்நிற்பதிலும் இயல்பான நாட்டம் உடைய மாணவர் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை எவ்வழியில் கற்றால் நன்கு கற்பார் என்னும் கேள்விக்கு, அவரைக் குழுவில் அமர்த்த வேண்டும், பேசவிட வேண்டும், செய்து பார்க்கவிட வேண்டும் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. பொதுப்புத்திக்கு உடன்பாடாக இருந்த காரணத்தாலேயே இவ்விடை நெடுங்காலம் சோதனைக்கு உட்படவில்லை. சோதிக்கத் தொடங்கியபோதோ, உளவியலின் வெவ்வேறு பிரிவினர் ஒன்றுக்கொன்று எளிதில் பொருந்தாத முடிவுகளை எட்டினர். சிலர் மூளையின் கிளர்ச்சிநிலையில் விடையைத் தேடினர். சிலர் பரிசுக்கும் தண்டனைக்கும் மனம் காட்டும் உணர்திறனில் தேடினர். வேறு சிலர் கற்பிக்கும் முறைக்கும் மாணவர் இயல்புக்கும் இடையிலான பொருத்தத்தில் தேடினர். இவற்றுள் எது எந்த அளவுக்கு நிலைபெற்றது என்பதையும், பாடத்துக்குப் பாடம் விடை மாறுகிறதா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வகையா, அளவா?

புறமுகர், அகமுகர் என்னும் பாகுபாட்டை உளவியலில் நிலைநிறுத்தியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் யுங். 1921இல் வெளியான ‘உளவியல் வகைகள்’ என்னும் நூலில், ஒருவருடைய மன ஆற்றல் முதன்மையாக வெளியுலகின் மனிதரையும் பொருள்களையும் நோக்கிச் செல்கிறதா, தன் உள்ளத்தை நோக்கித் திரும்புகிறதா என்பதைக் கொண்டு அவர் இவ்விரு மனப்பாங்குகளைப் பிரித்தார். யுங் தம் மருத்துவ அனுபவத்திலிருந்து வகுத்த விளக்கமே இது. அளவீட்டின் வழியே கண்ட முடிவு அன்று. அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் இதை வினாநிரலாக மாற்றி, மனிதரைப் பதினாறு வகைகளுள் அடக்கும் சோதனை ஒன்றை உருவாக்கினர். அதன் கையேடு 1962இல் வெளிவந்தது. இன்ன வகையினர் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று இன்று பரவலாக வழங்கப்படும் அறிவுரைகளுள் பலவற்றின் ஊற்று இச்சோதனையே.

வகைப்பாட்டின் குறை அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. புறமுகத்தன்மையை அளக்கும்போது மதிப்புகள் இரு முனைகளில் இரு குவியல்களாகச் சேர்வதில்லை. பெரும்பாலோர் நடுப்பகுதியிலேயே திரள்கின்றனர். நடுவில் ஒரு கோடு கிழித்து, இப்பக்கம் இருப்போர் புறமுகர், அப்பக்கம் இருப்போர் அகமுகர் என்று பெயரிட்டால், கோட்டை ஒட்டி நிற்பவர் சில வாரங்கள் கழித்து அதே சோதனையை எழுதும்போது மறுபக்கம் சென்றுவிடக்கூடும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1991இல் வெளியிட்ட மதிப்பீடும், தொழில் வழிகாட்டலுக்கு இச்சோதனையைப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

இதற்கு மாற்றாக 1980களில் வலுப்பெற்ற ஐங்காரணி மாதிரி, ஆளுமையை வகைகளாகப் பிரிக்காமல் ஐந்து அளவுகோல்களில் அளக்கிறது. புறமுகத்தன்மை அவற்றுள் ஒன்று. பொறுப்புணர்வு, புதுமை நாட்டம், இணக்கம், உணர்ச்சித் தளம்பல் ஆகியவை ஏனையவை. பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் புறமுகத்தன்மையை மேலும் ஆறு கூறுகளாகப் பிரித்தனர்: நேயம், கூட்ட நாட்டம், தன்னுறுதி, சுறுசுறுப்பு, பரபரப்பு நாட்டம், மகிழ்வுணர்வு. கற்றலைப் பற்றிப் பேசும்போது இப்பிரிவு மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் ஒரே மொத்த மதிப்பைப் பெற்ற இருவருள் ஒருவர் எல்லாரிடமும் அன்பாகப் பழகுபவராகவும், மற்றவர் ஓரிடத்தில் அமர முடியாமல் பரபரப்பைத் தேடுபவராகவும் இருக்கலாம். இருவருக்கும் வகுப்பறையில் ஒரே ஏற்பாடு பொருந்தும் என்று கொள்ள முடியாது. இதோடு, வில்லியம் ஃபிளீசன் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மனிதர் சில நாள்களுக்குள்ளேயே மிகவும் புறமுகமாகவும் மிகவும் அகமுகமாகவும் நடந்துகொள்கிறார் என்பதையும், ஆளுக்கு ஆள் நிலையாக வேறுபடுவது பெரிதும் அந்நடத்தைகளின் சராசரியே என்பதையும் காட்டியது. ஆகவே புறமுக மாணவர் என்ற சொல் இக்கட்டுரையில் அளவுகோலின் மேற்பகுதியில் இருப்பவரை மட்டுமே குறிக்கும்.

கிளர்ச்சிநிலையும் பரிசு நாட்டமும்

புறமுகரின் கற்றலுக்கு உடலியல் விளக்கம் தர முயன்றவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஐசங்க். மூளைத்தண்டிலிருந்து பெருமூளைப் புறணியை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலையமைப்பு புறமுகரிடம் இயல்பாகவே தாழ்ந்த மட்டத்தில் இயங்குகிறது என்றும், அக்குறையை ஈடுசெய்யவே அவர்கள் ஓசையையும் கூட்டத்தையும் மாற்றத்தையும் நாடுகின்றனர் என்றும் 1967இல் அவர் வாதிட்டார். மிதமான கிளர்ச்சிநிலையில்தான் செயல்திறன் உச்சத்தை அடைகிறது என்னும், 1908இல் எர்க்ஸும் டாட்சனும் எலிகளைக் கொண்டு கண்ட முடிவிலிருந்து வளர்ந்த கருத்தோடு இதைச் சேர்த்தால், அமைதியான அறை அகமுகருக்கு ஏற்றது, சற்றே ஓசையுள்ள சூழல் புறமுகருக்கு ஏற்றது என்ற கணிப்பு கிடைக்கிறது.

இக்கணிப்புக்கு ஓரளவு ஆதரவு உண்டு. ரசல் கீன் 1984இல் நடத்திய சோதனையில், சொல்லிணைகளைக் கற்கும்போது தங்களுக்கு ஏற்ற ஓசையளவைத் தேர்ந்துகொள்ள விடப்பட்ட புறமுகர், அகமுகரைவிட உரத்த ஓசையைத் தேர்ந்தனர். இரு சாராரும் தத்தம் அளவில் நன்கு கற்று, மற்றவருக்குரிய அளவில் பின்தங்கினர். ஏட்ரியன் ஃபர்ன்ஹாமும் பிராட்லியும் 1997இல் கண்டபடி, பாட்டு ஒலிக்கும் அறையில் வாசித்துப் பொருளறிவதும் நினைவில் கொள்வதும் அகமுகருக்கே கூடுதலாகக் கெட்டன. பாட்டைப் போட்டுக்கொண்டு படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று வீட்டில் வாதிடும் பிள்ளைகளுக்கு இது முழு ஆதரவு ஆகாது. புறமுகருக்குப் பாதிப்பு குறைவு என்பதே முடிவு. பாட்டால் அவர்கள் கற்றல் உயர்ந்தது என்பது அன்று.

இதே மரபில் ஹோவார்த்தும் ஐசங்கும் 1968இல் வெளியிட்ட சிறு சோதனை பள்ளிப் படிப்புக்கு இன்னும் நெருக்கமானது. கற்ற உடனே கேட்டபோது புறமுகர் கூடுதலாக நினைவுகூர்ந்தனர். நேரம் செல்லச் செல்ல நிலைமை தலைகீழாகி, ஒரு நாள் கழித்துக் கேட்டபோது அகமுகரே முந்தினர். இம்முடிவு எல்லாச் சூழலிலும் மீண்டும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை என்றாலும், வகுப்பில் பளிச்சென்று விடை சொன்ன மாணவர் பரீட்சையில் தடுமாறுவதற்கு ஒரு சாத்தியமான காரணத்தை அது காட்டுகிறது.

ஐசங்கின் கோட்பாட்டுக்கு எதிரான சான்றுகளும் குறைவல்ல. வில்லியம் ரெவெல்லும் குழுவினரும் 1980இல், காஃபீன் தரும் கிளர்ச்சி, புறமுகத்தன்மையின் ஒரு பகுதியாக ஐசங்க் கருதிய, மனக்கிளர்வால் சட்டெனச் செயல்படும் போக்கு உடையோருக்குக் காலையில் உதவுவதையும் மாலையில் அதே விளைவு தலைகீழாவதையும் கண்டனர். புறமுகர் எப்போதும் தாழ்ந்த கிளர்ச்சியில் இருப்பவர் என்ற எளிய சித்திரம் இதனால் குலைந்தது. மூளை மின்னலைப் பதிவுகளும் ஒருமுகமான முடிவைத் தரவில்லை. ஜெஃப்ரி கிரே 1970இல் முன்வைத்த மாற்றுக் கருத்து, அகமுகர் தண்டனைக் குறிப்புகளுக்கும் புறமுகர் பரிசுக் குறிப்புகளுக்கும் கூடுதலாக வசப்படுவர் என்றது. பின்னாளைய ஆய்வாளர்கள் இப்பரிசு நாட்டத்தை டோபமின் என்னும் நரம்பு வேதிப்பொருளோடு இணைத்தனர். கிரே தம் கோட்பாட்டைப் பின்னர் கணிசமாகத் திருத்தினார் எனினும், பரிசு நாட்டம் என்ற கூறு மட்டும் இன்றுவரை ஓரளவு உறுதியாக நிற்கிறது. பாராட்டும் உடனடி விளைவும் புறமுக மாணவரை இழுக்கும். திட்டுவதால் அதே அளவு பயன் கிட்டாது என்பது இதிலிருந்து எச்சரிக்கையோடு பெறக்கூடிய பாடம்.

மதிப்பெண் பட்டியல் சொல்வது

பிரிட்டனில் 1960களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் ஒரு புதிரை எழுப்பின. ஐசங்கும் குக்சனும் 1969இல் தொடக்கப்பள்ளியின் இறுதியில் இருந்த, பதினொரு வயதை ஒட்டிய பிள்ளைகளைப் பெரும் எண்ணிக்கையில் ஆராய்ந்தபோது புறமுகப் பிள்ளைகளே கல்வியில் முன்னின்றனர். மேல்வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றபோது அச்சாதகம் மறைந்து, சில ஆய்வுகளில் அகமுகர் பக்கம் சாய்ந்தது. ஆர்தர் போரோபாட் 2009இல், 70,000க்கும் மேற்பட்ட மாணவரை உள்ளடக்கிய பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வை வெளியிட்டார். அதில் பொறுப்புணர்வுக்கும் கல்வி அடைவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.22 என்றும், புறமுகத்தன்மைக்கும் அடைவுக்கும் இடையிலானது பூஜ்யத்தை ஒட்டியது என்றும் வந்தது. தொடக்கப்பள்ளியில் மட்டும் புறமுகத்தன்மைக்குச் சிறிய சாதகம் தென்பட்டது.

இச்சரிவை விளக்க இரு வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது, பிள்ளை மாறுகிறது என்பது: படிப்பில் ஈடுபடும் பிள்ளைகள் வளர்பருவத்தில் தனிமையை நாடத் தொடங்குகின்றனர். இரண்டாவது, பள்ளி மாறுகிறது என்பது: பேச்சு, பாட்டு, செயல் என்று அமைந்த தொடக்க வகுப்பிலிருந்து, தனித்து அமர்ந்து நெடுநேரம் வாசித்து எழுத வேண்டிய உயர்நிலை வகுப்புக்கு மாணவர் செல்கிறார். தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது மாற்றம் கண்கூடானது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் குழுக்களையும் கொண்டு தொடக்க வகுப்புகளையே மையமாக்கியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலோ அறிவியலின் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வு நீங்கலாக அனைத்தும் எழுத்துத் தேர்வு. ஆகவே மேல்வகுப்பில் புறமுகரின் சாதகம் மறைவதைப் பார்த்து அவர்கள் குறைவாகக் கற்கின்றனர் என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர்கள் கற்றதை எந்தத் தேர்வு அளக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இயல்புக்கேற்ற கற்பித்தல் என்னும் கருதுகோள்

மாணவர் இயல்பும் கற்பிக்கும் முறையும் ஒன்றோடொன்று வினைபுரியும் என்ற கருத்துக்கு ஆய்வு வடிவம் தந்தவர் லீ கிரான்பாக். 1957இல் அவர் விடுத்த அழைப்பும், 1977இல் ரிச்சர்ட் ஸ்நோவுடன் சேர்ந்து எழுதிய பெருநூலும் இத்துறையின் எல்லைக்கற்கள். ஆளுமையைப் பொறுத்தவரை பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது லெய்த் 1974இல் வெளியிட்ட முடிவு: விடையைத் தாமே தேடிக் கண்டறியும் முறையில் புறமுகரும், ஆசிரியர் படிப்படியாக விளக்கும் முறையில் அகமுகரும் சிறந்தனர். ஒரு முறையில் ஒரு சாராரும், மறுமுறையில் மறுசாராரும் முந்தும் இத்தகைய குறுக்கு விளைவுதான் இயல்புக்கேற்ற கற்பித்தலுக்குத் தேவையான உண்மைச் சான்று.

ஆனால் அத்தகைய சான்று அரிது. ஃபிராங்க் காஃபீல்டும் குழுவினரும் 2004இல் பிரிட்டனில் கற்றல் பாணிகள் பற்றிய 71 மாதிரிகளை அடையாளம் கண்டு, அவற்றுள் 13ஐ விரிவாக ஆராய்ந்து, பலவற்றின் அளவீடுகளே நம்பத்தகாதவை என்று கண்டனர். ஹெரால்டு பாஷ்லரும் மூவரும் 2008இல் எழுதிய மதிப்பீடு குறுக்கு விளைவையே தகுதி அளவுகோலாக வைத்துத் தேடியபோது, கற்றல் பாணிகளைக் கொண்டு வகுப்பறையை அமைப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. மாணவருக்கு ஒரு முறை பிடித்திருக்கிறது என்பதும் அம்முறையில் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதும் வேறு வேறு. புறமுகர் பற்றிய அறிவுரைகளுள் பெரும்பாலானவை முன்னதை மட்டும் கண்டு பின்னதை ஊகித்துக்கொள்கின்றன.

பாடந்தோறும் மாறும் விடை

இவ்விவாதம் செழிப்பாக நடந்த பாடம் அயல்மொழி. மொழி பேசப் பேசத்தான் வரும், புறமுகர் கூடுதலாகப் பேசுவர், ஆகவே அவர்களே மொழியை நன்கு கற்பர் என்ற வாதம் மறுக்க முடியாததாகத் தோன்றியது. கனடாவில் நைமனும் குழுவினரும் 8, 10, 12ஆம் வகுப்புகளில் ஃபிரெஞ்சு பயின்ற மாணவரை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட ‘நல்ல மொழி கற்பவர்’ என்னும் ஆய்வு இதைச் சோதித்தது. புறமுகத்தன்மைக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் ஆளுமையை அளந்த கருவியையே ஐயுற்றனர். மொழியியலாளர் பலர் இக்காரணியையே கைவிட்டனர். 1999இல் ஜீன்-மார்க் டவெலும் ஃபர்ன்ஹாமும் இக்கைவிடலை மறுபரிசீலனை செய்து, பிழை கருவியில் இல்லை, எதை அளந்தார்கள் என்பதில் இருக்கிறது என்று காட்டினர். பழைய ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வை அளந்தன. சரளமான பேச்சை அளந்த ஆய்வுகளிலோ புறமுகர் முந்தினர். ஃபிரெஞ்சு பேசிய ஃபிளெமிஷ் மாணவரைக் கொண்டு அவ்விருவரும் 2000இல் செய்த ஆய்வில், வாய்மொழித் தேர்வு போன்ற நெருக்கடியான சூழலில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகத் தெரிந்தது. சரளம் என்பது இலக்கணத் திருத்தம் ஆகாது. பேசுவதில் தயங்காத மாணவர் தம் பிழைகளையும் தயங்காமல் திரும்பத் திரும்பப் பழகிக்கொள்ளக்கூடும் என்பதால், மொழிப் பாடத்தில் அவருக்கு வேண்டுவது பேசும் வாய்ப்பைவிடப் பேச்சின் மீது உடனுக்குடன் கிடைக்கும் திருத்தமே.

கணிதத்தில் நிலைமை வேறு. டக் ரோரரும் சக ஆய்வாளர்களும் 2015இல் ஏழாம் வகுப்பில் காட்டியபடி, ஒரே வகைக் கணக்குகளை அடுக்கிச் செய்வதைவிடப் பல வகைகளைக் கலந்து செய்யும் பயிற்சி, பின்னாளில் நடக்கும் தேர்வில் தெளிவான பயனைத் தருகிறது. இப்பயன் மாணவரின் ஆளுமையால் வந்ததன்று. எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று ஒவ்வொரு முறையும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால் வந்தது. விரைவை நாடி, முதலில் தோன்றிய வழியைப் பற்றிக்கொள்ளும் போக்குடைய மாணவருக்கு இத்தகைய பயிற்சி கசக்கலாம். கசப்பதனாலேயே அவருக்குத் தேவை மிகுதி என்று கருத இடமுண்டு.

அறிவியலில் செய்முறை வகுப்பே புறமுகரின் களம் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் சோதனைக் குழாயைக் கையில் எடுப்பதால் மட்டும் கருத்து விளங்கிவிடுவதில்லை. மிஷெலின் சீயும் குழுவினரும் 1994இல் எட்டாம் வகுப்பு மாணவருக்கு மனித இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமக்குத் தாமே வாய்விட்டு விளக்கிக்கொள்ளச் சொன்னபோது, அதே பாடத்தை இருமுறை வாசித்தவரைவிட அவர்கள் ஆழமாகப் புரிந்துகொண்டனர். இது பேச்சுதான், ஆனால் கேட்பவர் எவரும் இல்லாத பேச்சு. வரலாறு, புவியியல் முதலிய பாடங்களிலும், இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஆறாம் வகுப்பு ஒன்றில் நடந்து 2011இல் வெளியான ஆய்வின்படி, பாடத்தை மீண்டும் வாசிப்பதைவிடச் சிறு வினாடிவினாக்களே நினைவை நிலைநிறுத்தின.

பேச்சு கற்றலாக மாறும் நிபந்தனை

மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவருக்குப் பாடம் சொன்னார். 1789 முதல் சென்னை எழும்பூரின் இராணுவ ஆதரவற்றோர் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்றதைக் கண்டு, மாணவரே கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்து, 1797இல் லண்டனில் அதை நூலாக்கினார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. செலவைக் குறைப்பதே அங்கு அதன் முதற்கவர்ச்சி எனினும், கற்பிப்பவரும் கற்கிறார் என்ற கருத்து அதனுள் இருந்தது. எரிக் மசூர் ஹார்வர்டில் 1991இல் தொடங்கிய சகமாணவர் கற்பித்தலும் அதே கருத்தின் மறுபிறவி. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, குழுவில் எவருக்கும் முதலில் விடை தெரியாதபோதுகூட, கலந்து பேசிய பின் புதிய வினாவுக்கு மாணவர் சரியாக விடையளிப்பது கூடியது என்று காட்டியது. ஆனால் அம்முறையில் ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் தனியே விடையளித்தாக வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த நிபந்தனையே முதன்மையானது. ராபர்ட் ஸ்லேவின் கூட்டுக் கற்றல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, குழுவுக்குப் பொதுவான இலக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப்பொறுப்பும் சேர்ந்திருந்த இடங்களில்தான் பயன் தெளிவாக இருந்தது. டீலும் ஸ்ட்ரோபேயும் 1987இல் கருத்துகளைக் குவிக்கும் குழுக்களை ஆராய்ந்து, ஒருவர் பேசும்போது மற்றவரின் சிந்தனை தடைப்படுவதால், குழுவாகக் கூடியவர்கள் தனித்தனியே சிந்தித்தவர்களின் மொத்தத்தைவிடக் குறைவான கருத்துகளையே தந்தனர் என்று கண்டனர். புறமுக மாணவர் நிறைந்த குழுவில் இத்தடை கூடக்கூடும். அவர்களுக்கிடையே ஓர் அகமுகர் இருந்தால் அவர் பங்கு முற்றிலும் அமிழ்ந்துபோகலாம். பள்ளிகள் புறமுகரை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன என்று சூசன் கெய்ன் 2012இல் எழுப்பிய குறை இங்கு ஓரளவு பொருந்தினாலும், மதிப்பெண் முறையைப் பார்த்தால் எதிர்வாதத்துக்கே வலு அதிகம். குழுவில் பேசுவதைப் போற்றும் பள்ளி, இறுதியில் தனியே எழுதியதற்கே மதிப்பெண் தருகிறது.

திறந்திருக்கும் கேள்விகள்

கிளர்ச்சிநிலை, பரிசு நாட்டம், கூட்ட நாட்டம் ஆகியவை புறமுக மாணவர் எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் சலிப்பின்றிப் படிக்கிறார் என்பதைப் பாதிக்கின்றன என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. அறிவு மனத்தில் பதியும் வழி அவரிடம் வேறுபட்டது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நினைவிலிருந்து மீட்டெடுத்தல், இடைவெளி விட்டுப் பயிலல், தாமே விளக்கிக்கொள்ளல் ஆகியவை எல்லா இயல்பினருக்கும் பயன் தருகின்றன. புறமுகருக்கு அவற்றைத் தோழரோடு சேர்ந்து தொடங்குவது எளிதாக இருக்கலாம். கூட்டுப் படிப்பில் ஒருவர் வினா எழுப்ப, மற்றவர் புத்தகத்தை மூடிவைத்து விடை சொல்லி, பிறகு ஒவ்வொருவரும் தனியே எழுதிப் பார்த்தால் பேச்சு மீட்டெடுத்தலாக மாறுகிறது; எழுதிப் பார்க்காமல் கலைந்தால், தெரிந்துவிட்டது என்ற நிறைவு மட்டுமே எஞ்சக்கூடும்.

தீராதவையும் உண்டு. லெய்த் கண்ட குறுக்கு விளைவு இன்றைய வகுப்பறைகளில், ஐங்காரணி அளவுகோலின் கூறுகளைத் தனித்தனியே அளந்து, பாடவாரியாக மீண்டும் சோதிக்கப்பட வேண்டியிருக்கிறது. மேலே கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. நாற்பது ஐம்பது பேர் அமர்ந்து, வாய்விட்டுச் சேர்ந்து ஒப்பிக்கும் பழக்கமும் ஆசிரியர் முன் அடங்கியிருக்கும் பழக்கமும் ஒருங்கே உள்ள வகுப்பில் புறமுகத்தன்மை அதே வடிவில் வெளிப்படும் என்று கொள்ள முடியாது. தேர்வில் வாய்மொழிப் பகுதி சேர்ந்தால் மதிப்பெண் வரிசை எப்படி மாறும் என்பதும் கொள்கை வகுப்போர் கேட்க வேண்டிய கேள்வி. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் பெற்றோரிடம் விற்கப்படும் ஆளுமைச் சோதனை அறிக்கைகளை, பிள்ளை எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆவணமாகக் கொள்ள இன்றுள்ள சான்று இடந்தரவில்லை.